பந்தோடு ஓடுகிறவர்கள் – 14: கரும்பலகையின் முதற் பெயர்

அமெரிக்கக் கால்பந்தில் ‘ரன்னிங் பேக்’ எனப்படுகிறவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளின் நடுவே பிளந்து ஓடுகிறவன் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து வாசித்துவரும் அன்பர்களுக்கு அதை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. அவன் கல்லூரி மைதானத்திலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு ஏறும் படிகளை இந்த வாரம் எண்ணிக் காட்டி, குமரிக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட நம் கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜின் பாதையோடு ஒப்பிடுவதாக வாக்களித்திருந்தேன். அந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதற்படியிலேயே ஒரு மனிதர் எதிர்ப்பட்டு, நான்கு நாட்களாக என்னை நகரவிடவில்லை.

படிகள் சுருக்கமாக இவை. பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழிந்தால் ஒழிய எவனும் அங்கே தொழில்முறை அணிக்குப் போக முடியாது. ஆகையால் பல்கலைக்கழகமே அவனுக்குப் பட்டறையும் சந்தையும் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் 32 அணிகள் கூடி, ஏழு சுற்றுகளில், முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் உரிமை என்ற முறையில், கல்லூரி வீரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. இந்த ‘டிராஃப்ட்’ முறை தொடங்கியது 1936 பிப்ரவரியில், பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில். கரும்பலகையில் 90 பெயர்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சரித்திரத்திலேயே முதன்முதலாக உச்சரிக்கப்பட்ட பெயர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாஃப் பேக்காகிய ஜே பெர்வாங்கர் என்பவருடையது. பந்தோடு ஓடுகிறவர், நம் தொடரின் சொந்தக்காரர்.

அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவே இல்லை!

இதைப் படித்தபோது எனக்குண்டான ஆச்சரியத்தை எவ்விதம் சொல்வேன்? பெர்வாங்கர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பிரசித்தி பெற்ற பரிசை, அது ஏற்படுத்தப்பட்ட 1935ஆம் ஆண்டிலேயே பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் அவரைப் பிடித்து வீழ்த்த முயன்ற இளைஞர் ஒருவருக்கு இடது கண்ணுக்குக் கீழே காயம் பட்டுத் தழும்பாக நின்றுவிட்டது. அந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு. பிலடெல்பியா அணி பெர்வாங்கரைத் தெரிந்தெடுத்து, அவரை அமர்த்தும் உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்தது. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு 25,000 டாலர் கேட்டார். பேர்ஸ் அணியின் அதிபர் ஜார்ஜ் ஹாலஸ் அந்தத் தொகைக்கு இணங்கவில்லை. இருவரும் மனக்கசப்பின்றிப் பிரிந்தார்கள். பெர்வாங்கர் ரப்பர் விற்பனை வேலையில் அமர்ந்து, பின்பு சொந்தமாகத் தொழிற்சாலை வைத்து, 2002இல் முதுமையெய்தி மறைந்தார். அவருடைய கோப்பை நெடுங்காலம் அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுக்கும் பொருளாக இருந்ததாம். அவருடைய பல்கலைக்கழகமோ, 1939இல் அந்த ஆட்டத்தையே கைவிட்டுவிட்டது.

அக்காலத்தில் பட்டம் பெற்ற ஓர் இளைஞனுக்குத் தொழில்முறைக் கால்பந்து கௌரவமான ஜீவனமாகத் தோன்றவில்லை. கூலியும் சொற்பம், நிச்சயமும் சொற்பம். இன்று கோடிகளில் புரளும் அந்த உலகத்தின் முதல் வாசற்படியில், ‘வேண்டாம்’ என்று சொல்லித் திரும்பிப்போன ஒரு பட்டதாரியின் காலடித் தடம் பதிந்திருக்கிறது. இந்தச் சிந்தனையில் இருந்தபோதுதான் இதே போன்ற இன்னொரு தடம் நம் தேசத்திலும் உண்டென்பது நினைவுக்கு வந்தது.

1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, லண்டனையடுத்த இல்ஃபோர்டு மைதானத்தில், சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி முதல் ஒலிம்பிக் ஆட்டத்துக்கு இறங்கிற்று. பதினொருவரில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. சிலர் துணிப்பட்டை சுற்றியிருந்தார்கள். அணித்தலைவர் நாகர் குலத்தைச் சேர்ந்த தாலிமெரன் ஆவ். அவர் அப்போது கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியின் மாணவர். பாடப் புத்தகத்துக்கும் மோகன் பகான் மைதானத்துக்கும் இடையே நாட்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவர். அந்த ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியைத் தாங்கிச் சென்றவரும் அவரே. லண்டனில் ஆர்சனல் கிளப்பு அவரை அழைத்ததாக ஒரு செய்தி நெடுநாளாக வழங்கிவருகிறது. அழைப்பு எத்தகையதாயினும் அவர் திரும்பி வந்தார். 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மலைநாட்டு மக்களுக்கு வைத்தியம் பார்த்து, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து ஓய்வு பெற்றார். பாதிரியாரான தந்தைக்கு, மகன் டாக்டராக வேண்டும் என்பதே ஆசை, அது நிறைவேறிற்று.

அன்று இந்தியாவை எதிர்த்து ஆடிய தேசம் எது என்பதை இன்னும் சொல்லவில்லை. பிரான்ஸ்! புதுச்சேரி நெல்லித்தோப்பில் உட்கார்ந்து எழுதுகிற நான் இந்த இடத்தில் எப்படி நிற்காமல் போவேன்? அந்த ஜூலை மாதத்தில் எங்கள் ஊர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1ஆம் தேதிக்கு இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. முதற்பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டும் வீணாயின. 70ஆம் நிமிஷத்தில் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோலை அடித்த பெருமை அந்தப் பெயருக்கு உரியது. ஆட்டம் முடியச் சற்றே இருக்கையில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு வென்றது.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து ஓய்வூதியம் பெறுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இத்தகையவர்களை ஊரில் ‘சொல்தா’ என்போம். மாதா கோயில் பக்கம் மாலையில் உலாவப் போகையில் இந்தச் சம்பவத்தை அவரிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்தி, வெகுநேரம் யோசித்து, “அன்னிக்கு நம்ம ஊரு யாரு பக்கம் கை தட்டியிருக்கும் தம்பி?” என்று கேட்டார். “தெரியலைங்க ஐயா” என்றேன். “ராமன் கோல் அடிச்சப்போ தட்டியிருக்கும். ரெண்டாவது கோலுக்கும் சில வீட்டுல தட்டியிருப்பாங்க” என்றார். ஒரே தெருவில் இரண்டு கொடிகளின் ஞாபகமும் குடியிருந்த காலத்தை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் பல பக்கங்களில் முயன்றும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இப்போது சூசைராஜ். நீரோடி முதல் இரயுமன்துறை வரை நீளும் தூத்தூர் வட்டாரக் கரையில் உள்ள இரவிபுத்தன்துறை அவர் ஊர். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிற குடும்பங்கள் வாழும் கரை அது; தூத்தூர் செயின்ட் ஜூட்ஸ் கல்லூரி அந்த வட்டாரத்தின் நடுவே இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அந்தக் கரையைச் சூறையாடியபோது, அவர் சென்னை சிட்டி அணியின் வீரர். இடது ஓரத்தில் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடுகிற அந்த இளைஞரை மறு ஆண்டு ஜாம்ஷெட்பூர் அணி அழைத்துக்கொண்டது. அவர் போன பிறகு, 2019 மார்ச்சில், சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது. அந்த அணியில் அவருடைய சகோதரர் ரெஜின் இருந்தார். ஓராண்டு கழித்து, 2020 மார்ச் 14ஆம் தேதி, தொற்றுநோயின் காரணமாக ஒருவரும் இல்லாத கோவா மைதானத்தில், சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் பின் சேர்ந்த ஏ.டி.கே. அணி சென்னையின் எஃப்.சி.யை 3–1 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், முதற்கால்மணி நேரம் முடிவதற்குள் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

ஓடுகிறவனுடைய வாழ்வு முழுவதும் விரலளவுகூட இல்லாத ஒரு தசைநாரில் தொங்குகிறது என்பதே, இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாள் முதலாக என்னை வருத்திவருகிற விஷயம். பெர்வாங்கரும் ஆவும் அதை அறிந்தோ அறியாமலோ வேறு வழி ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். நம் நாட்டிலும் நெடுங்காலம் கல்லூரி ஆட்டக்காரன் அடைய விரும்பிய இடம் கிளப்பு அன்று, உத்தியோகம். பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் அசுதோஷ் முகர்ஜி கோப்பை ஆட்டங்களில் ஒரு பருவம் நன்றாக ஓடியவனை இந்தியன் வங்கியோ ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையோ தெற்கு ரயில்வேயோ ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் எடுத்துக்கொள்ளும், அவன் காலையில் அலுவலகமும் மாலையில் மைதானமுமாக வாழ்ந்து, கால் ஓய்ந்த பிறகும் மாதச் சம்பளம் வாங்குவான். அந்த ஏற்பாட்டைச் சிலர் இப்போது மந்தமான காலம் என்று பேசுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை; முழங்கால் போனபின் ஒருவனுக்குச் சோறு போட்ட ஏற்பாட்டை இகழ எனக்கு மனம் வராது. 2014இல் ஐ.எஸ்.எல். வந்த பிறகு இளைஞனுக்குக் கிடைக்கும் தொகை பெரிதாகிவிட்டது, மெய்தான். ஒப்பந்தமோ சில பருவங்களுக்குத்தான்.

உப்பளம் மைதானத்தில் மாலைதோறும் ஓடுகிற எங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவனிடம், கிளப்பா வேலையா என்று சென்ற ஞாயிறன்று கேட்டேன். “ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கேன் சார்” என்றான்.

தூத்தூர் மணலில் ஆட்டம் எவ்விதம் கற்கப்படுகிறது, அங்கிருந்து கல்லூரி அணி வழியாகச் சென்னை லீகுக்குப் பிள்ளைகள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பவற்றை இந்த வாரமே எழுத எண்ணியிருந்தேன். இடமும் நேரமும் முடிந்துவிட்டன. அடுத்த வாரம் இரவிபுத்தன்துறைக் கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)