ஓடும் சர்வரை நிறுத்தாமல் இடம் மாற்றுவது எப்படி?

ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அடியிலுள்ள இயந்திரத்தைப் பழுதுபார்க்க, அத்தனையையும் நிறுத்த வேண்டுமா? வேண்டாம் என்றது, 2003-இல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்த விமோஷன் தொழில்நுட்பம்.

மெய்நிகர் கணினி ஓடும்போதே அதன் நினைவகம் நெட்வொர்க் வழியாக இன்னொரு சர்வருக்கு நகலாகும். அதற்குள் சில பகுதிகள் மாறியிருக்கும். அவை மட்டும் மறுபடி நகலாகும். சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறையும். கொஞ்சமே எஞ்சும்போது, கணினியை ஒரு கணம் நிறுத்தி, அந்த மிச்சத்தையும் பிராசஸரின் நிலையையும் அனுப்பி, புதிய இடத்தில் ஓடவிடுவார்கள். பயனருக்குப் பெரும்பாலும் தெரியாது.

நினைவகம் மாறும் வேகம் நெட்வொர்க்கை முந்தினால்? மிச்சம் குறையவே குறையாது. பரபரப்பான டேட்டாபேஸ்களில் இந்தத் தொல்லை உண்டு. ஆகவே, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருளை வாங்கும் நிறுவனம், விற்பவர் நகர்த்திக் காட்டும் சும்மா கிடக்கும் கணினியைப் பார்த்து மயங்கக் கூடாது. தன் கனத்த டேட்டாபேஸை வேலைநேரச் சுமையோடு நகர்த்தச் சொல்ல வேண்டும். (இன்டெல் பிராசஸரிலிருந்து ஏஎம்டி பிராசஸருக்கு விமோஷனில் இப்படி ஓட்டத்தில் தாவ முடியாது.)

உரிமமும் கவனிக்க வேண்டியது. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், மறுமாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. ஆகவே, கேவிஎம், ஹைப்பர்-வி போன்ற மாற்று மென்பொருள்களுக்கு வெளியேறும் வழியையும் வாங்கும் முன்பே சோதித்துவிடுவது நல்லது.