இரவில் மலரும் கள்ளிக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு பெரகலச் சந்தியில் கிளைக்கின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவின் வெப்பநிலத்துக்கு இறங்கும். டிராகன் பழம் தரும் கள்ளிக்கொடி வெயிலை விரும்புவது. ஆதலின் சந்திக்குக் கீழ்ப்புறத்தாருக்கே அது கூடுதலாகப் பொருந்தும்.

இக்கொடியை வீட்டுத் தோட்டத்தில் நட்டவருக்கு நேரும் ஏமாற்றம் ஒன்றுண்டு. ஓரடி நீளமான வெண்பூக்கள் நிறைய மலர்ந்தும், ஒரு வாரத்துள் அடிப்பகுதி மஞ்சளித்து உதிர்ந்துவிடும். இதனை நோயென்று எண்ணி மருந்து தெளிப்பது பெரும்பாலும் வீண் செலவே. பூவுக்கு மகரந்தம் கிட்டவில்லை என்பதே வழக்கமான காரணம்.

நெற்பூ தன் மகரந்தத்தாலேயே மணிபிடிக்கும். பூசணிக்கு வண்டும் தேனீயும் பகலில் வந்து உதவும். கள்ளிப்பூவோ அந்தி சாய்ந்தபின் விரிந்து, மறுநாள் வெயில் ஏறுமுன் வாடிவிடுகின்றது. முற்றத்தில் கடுப்புல் வளர்ப்போர் இவ்வியல்பை நன்கறிவர், அதுவும் கள்ளியினமே. டிராகன் கொடியின் தாயகமாகிய நடு அமெரிக்காவில் வௌவால்களும் பெரிய இராப்பூச்சிகளும் அதன் பூக்களை நாடி வருகின்றன. கொடி கடல் கடந்தபோது அவை உடன் வரவில்லை. மெக்சிக்கோவின் வனிலாவுக்கும் இக்கதியே நேர்ந்தது. 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், அப்பூவைக் கையால் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டான். இன்றும் வனிலா அவ்வழியிலேயே காய்க்கின்றது.

விடியலில் தேனீக்கள் கள்ளிப்பூவுக்கு வருவதுண்டு. எனினும் குறி எனப்படும் சூலக நுனி மகரந்தக் கூடுகளைக் கடந்து நீண்டிருப்பதால், அவை அதனைத் தொடாமலே மகரந்தத்தை வாரிச் செல்லக்கூடும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. செஞ்சதை இனங்கள் பல தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே கொடியின் துண்டுகளை நட்டுப் பெருக்கினால் தோட்டம் முழுவதும் ஒரே செடியாகவே கணக்காகும். ஆதலின் வெண்சதை இனமொன்றையும் அருகே நடுதல் வேண்டும். வெண்சதை இனம் பெரும்பாலும் தானே காய்க்குமாயினும், பிற இன மகரந்தம் சேரின் விதை மிகும். விதை மிகுந்தாற் பழமும் பருக்கும்.

பூ நன்கு விரிந்தபின், இரவு எட்டு மணிக்கு மேல், ஓரினத்தின் பூவை உலர்ந்த கிண்ணத்தின் மேல் மெல்லத் தட்டினால் மஞ்சள் மகரந்தம் உதிரும். ஒரு பூவின் தூள் பல பூக்களுக்குப் போதும். அதனை மென்மையான தூரிகையால் மற்ற இனப் பூவின் நடுவே நட்சத்திரம்போல் விரிந்துள்ள குறியில் எல்லாப் பக்கமும் படியுமாறு தடவுக. விடியற்காலை வரை இதனைச் செய்யலாம். கைவிளக்கின்றிச் செல்லலாகாது, பாம்பு நடமாடும் வேளை அது.

மழையும் மூடுபனியுமே இவ்வேலைக்குப் பெரும் இடையூறு. நனைந்த மகரந்தம் கெடும். மழைக்குறி தென்படின் மாலையிலேயே மொட்டின்மேல் பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, சேர்க்கை முடிந்தபின் மீண்டும் மூடுக. இரண்டு இனங்களும் ஒரே இரவில் மலராவிடின், முதலிற் கிடைத்த தூளை உலர்ந்த குப்பியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியிற் சில நாள் வைத்திருக்கலாம்.

சேர்க்கை பலித்த பூவின் இதழ்கள் வாடித் தொங்கினும் அடிப்பகுதி பச்சையாகவே நின்று பருக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்திற் பழம் சிவக்கும்.