குடிநோயுள்ள பணியாளரை என்ன செய்வது?



எங்கள் குடிநோய் வார்டுக்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் மனைவியோ தாயாரோ அழைத்து வருகிறார்கள். அதற்குள் அநேகருக்கு வேலை போயிருக்கும். முதலாளி அனுப்பி வருகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. இந்த மடலை வாசிக்கிறவர்களில் அச்சகம், அரிசி ஆலை, லாரி சர்வீஸ் நடத்துகிறவர்களும் பள்ளித் தாளாளர்களும் அலுவலக மேற்பார்வையாளர்களும் உண்டு. ஆகவே இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் குடிநோயில் விழுந்தார். நல்ல மனிதர். திங்கட்கிழமை அவர் வராவிட்டால் வேறொருவர் ஓட்டினார். முன்பணம் கேட்டபோதெல்லாம் கொடுத்தோம். பிள்ளைகளை நினைத்து நாங்களும் அவருக்காகப் பரிந்து பேசினோம். நான்கு ஆண்டுகள் இதை அன்பு என்றே எண்ணினோம். ஒரு நாள் விடியற்காலையில் பிரசவ வேதனையிலிருந்த ஒரு பெண்ணை ஏற்றி வரும்போது வண்டி வாய்க்கால் பாலத்தில் மோதி நின்றது. அவளை வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது கர்த்தருடைய கிருபை. எங்கள் நிர்வாகத்தின் திறமையல்ல.

"காலையில் நான் குடிக்கவில்லை ஐயா" என்றார் அவர். அது உண்மைதான்.

இரவில் குடித்தது காலையிலும் இருக்கும்

இதை எல்லா முதலாளிகளும் அறிய வேண்டும். நம் மாநில மதுக்கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் சாராயச்சத்து உண்டு. 180 மில்லி கொண்ட ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. சாதாரணமாக ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரையே எரிக்கும். அப்படியானால் ஒரு குவாட்டர் வெளியேற ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு இரண்டு குவாட்டர் குடித்தவர், மறுநாள் காலை பத்து மணிக்கும் முழுத் தெளிவுடன் இருக்கமாட்டார். குளிர்ந்த நீரில் குளிப்பதோ, மோரோ, காப்பியோ இதை விரைவுபடுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தாலே வாகனம் ஓட்டுவது குற்றம். இயந்திரத்தின் முன் நிற்கிறவருக்கும் சாரத்தில் ஏறுகிறவருக்கும் ஆபத்து இதுவே.

நஷ்டம் விபத்து மட்டுமல்ல. குடிக்கிறவர் ஒருவர், அவர் வேலையைச் சேர்த்துச் செய்கிறவர்கள் இருவர். அவர்கள் முதலில் இரக்கப்படுகிறார்கள், பிறகு முறுமுறுக்கிறார்கள், கடைசியில் அவரில் நல்லவர் ஒருவர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். சம்பள நாளுக்கு மறுநாள் விடுப்பு, அடிக்கடி முன்பணம், மதிய இடைவேளைக்குப் பின் காணாமற்போவது, சிறு சிறு காயங்கள், காரணமில்லாத கோபம் ஆகியவை அடையாளங்கள். ஆனாலும் இவை நீரிழிவாலும் மனச்சோர்வாலும் வரக்கூடும். நோய் இன்னதென்று தீர்ப்பது மருத்துவருடைய வேலை, முதலாளியுடையது அல்ல.

இரண்டு தவறான வழிகள்

ஒன்று, நாங்கள் செய்ததுபோல மூடி மறைப்பது. மற்றொன்று, ஒரு நாள் பொறுமை இழந்து வெளியே அனுப்பிவிடுவது. முதலாவது வழியில் அவர் குடிப்பதற்கான விலையைப் பிறர் கொடுக்கிறார்கள். இரண்டாவது வழியில் மனந்திரும்பக் கடைசிக் காரணமும் பறிபோகிறது. மனைவியின் கண்ணீருக்கும் போதகரின் புத்திமதிக்கும் அசையாத ஒருவர், வேலை போய்விடும் என்றும் சிகிச்சை பெற்றால் போகாது என்றும் ஒரே நேரத்தில் கேட்கும்போது அசைகிறார். இதை எங்கள் வார்டில் பலமுறை கண்டிருக்கிறோம்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்லுகின்றன. குடிப்பிரச்சினையை மற்ற நோய்களைப்போலவே நடத்த வேண்டும். சிகிச்சை நாடுகிறவரின் வேலையும் இரகசியமும் காக்கப்பட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் முதலாளிக்கு உண்டு. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மதுப்பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளை நோயாகவே ஏற்றுக்கொள்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. எழுதி வையுங்கள். வராத நாட்கள், தவறிய வேலை, விபத்து ஆகியவற்றைத் தேதியோடு குறியுங்கள். வதந்தியை எழுதாதிருங்கள்.

2. தனியே அழைத்து, அவர் தெளிவாயிருக்கும் வேளையில் பேசுங்கள். குடியைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றிப் பேசுங்கள். குடியை அவர் மறுப்பார். வருகைப் பதிவேட்டை மறுக்க முடியாது.

3. சிகிச்சைக்கு அனுப்புங்கள், "இன்றே நிறுத்து" என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் சித்தப்பிரமையும் வரலாம். உயிரே போகலாம். மருந்தோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் மருத்துவமனையில் நிறுத்துவதே பாதுகாப்பு. அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446-லும் வழி கேட்கலாம்.

4. திரும்பி வருகிறவருக்கு முதலில் ஆபத்தில்லாத வேலை கொடுங்கள். மறுபடி விழுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அப்போது என்ன செய்வீர்கள் என்பதை முன்னதாகவே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இப்போது நம் ஊர்களிலும் நடக்கின்றன, கட்டணம் இல்லை. அங்கே போக நேரம் கொடுங்கள்.

5. உங்கள் வழக்கங்களைச் சோதித்துப் பாருங்கள். பாரம் இறக்கியதற்கும் பண்டிகைக்கும் பாட்டில் வாங்கிக் கொடுக்கும் மாமூல் உங்கள் இடத்தில் உண்டா? அதை முதலாவது நிறுத்துங்கள்.

எங்கள் ஓட்டுநருக்கு வருவோம். விபத்துக்குப் பின் மருத்துவ அதிகாரி அவரை அழைத்து ஒரு தாளை முன்னே வைத்தார். "தம்பி, குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் பதினொரு நாள் வரவில்லை. அதில் எட்டு திங்கட்கிழமை. வண்டி இரண்டு முறை இடித்திருக்கிறது. இப்படியே போனால் உங்களை வைத்திருக்க முடியாது. சிகிச்சைக்குப் போனால் உங்கள் இடம் உங்களுக்கே இருக்கும்" என்றார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை நாள் ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நாட்கள் வார்டில் இருந்தார். பிறகு மருந்துக் கிடங்கில் வேலை கொடுத்தோம். நான்காம் மாதம் ஒரு முறை விழுந்தார். அன்று மாலையே தாமாக வந்து சொன்னார். இரண்டாம் ஆண்டில்தான் சாவியை மறுபடி அவர் கையில் கொடுத்தோம். வாங்கும்போது அவர் கை நடுங்கவில்லை.

ஓடிப்போன ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் எஜமானாகிய பிலேமோனுக்கு எழுதினார். நஷ்டம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார். குடிநோய் வார்டில் கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அப்படிப்பட்டதே. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். இப்போது இன்னும் ஒன்று கேட்கிறோம்: உங்கள் ஆலையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்தால், அனுப்பிவிடுமுன் எங்களிடம் அனுப்புங்கள். அவர் இடத்தைக் காத்து வையுங்கள். அவருக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் ஜெபியுங்கள்.