பாக்தாதைவிட வாஷிங்டன் ஆபத்தானதா?

எண்களை விசாரிப்போம் – 12

சதவீதக் கணக்கில் நடக்கும் தில்லுமுல்லுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் சாவுக் கணக்கு.

ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் ஒரு மின்னஞ்சல் பலரது கைமாறிச் சுற்றிவந்தது. ‘ஈராக்கில் 22 மாதங்களில் சராசரியாக 1,60,000 படையினர் இருந்திருக்கிறார்கள், இறந்தவர்கள் 2,112 பேர். ஆக, லட்சத்துக்கு 60. தலைநகர் வாஷிங்டனில் துப்பாக்கிக்குப் பலியாகிறவர்கள் லட்சத்துக்கு 80.6. எனவே ஈராக்கைவிட வாஷிங்டன்தான் ஆபத்தான இடம்’ என்பது அதன் சாரம்.

ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,60,000 பேரில் 2,112 பேர் இறந்தால் லட்சத்துக்கு 1,320 பேர். பிறகு 60 எப்படி வந்தது? 1,320ஐ 22 மாதங்களால் வகுத்தால் 60. அது ஒரு மாதத்தின் விகிதம்! ஆண்டுக்குக் கணக்கிட்டால் 720. வாஷிங்டனின் 80.6 எப்படி வந்தது? அந்நகரில் 482 கொலைகள் நடந்த 1991ஆம் ஆண்டின் முழு ஆண்டுக் கொலை விகிதம் அது. 2005இல் அது சுமார் 35ஆக இறங்கிவிட்டிருந்தது. ஒரு மாதச் சாவை ஓர் ஆண்டுச் சாவோடு, அதுவும் பழைய ஆண்டோடு, ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டோடு ஆண்டை வைத்துப் பார்த்தால், ஈராக்கில் இருந்த படையினரின் விகிதம் இருபது மடங்கு அதிகம்.

2006இல் இதே வாதம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள்ளும் ஒலித்தது. ஈராக் மக்களில் வன்முறைக்குப் பலியாகிறவர்கள் ஆண்டுக்கு லட்சத்துக்கு 27.51 பேர்தான், வாஷிங்டனில் அதைவிட அதிகம் என்றார் அயோவா மாநில உறுப்பினர் ஸ்டீவ் கிங். இங்கே பிழை வேறு வகை. ஒரு நகரத்தை ஒரு நாட்டோடு நிறுத்துகிறார். வடக்கே ஓரளவு அமைதியாக இருந்த குர்துப் பகுதியும் அந்தச் சராசரியில் கலந்து, பாக்தாதின் துயரத்தை மறைத்துவிடுகிறது. நாட்டுக்கு நாடுதான் ஒப்பு. அந்த ஆண்டு அமெரிக்கா முழுமைக்குமான கொலை விகிதம் லட்சத்துக்கு 6ஐக்கூடத் தொடவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், பிணங்களை யார் எண்ணுவது என்பது. அமைதியான நாட்டில் ஒரு கொலை நடந்தால் காவல் நிலையத்தில் வழக்கு, பிரேதப் பரிசோதனை, இறப்புச் சான்றிதழ் என்று மூன்று இடங்களில் பதிவாகிறது. போர் நடக்கும் இடத்தில் முதலில் குலைவது இந்தப் பதிவேடுகள்தான்.

ஈராக்கையே பாருங்கள். பெரும்பாலும் ஊடகச் செய்திகளைத் தொகுத்த ‘ஈராக் பாடி கவுண்ட்’ குழு, 2003 மார்ச் முதல் 2006 ஜூன் வரை கொல்லப்பட்ட பொதுமக்கள் என்று பதிவு செய்தது சுமார் 47,700 பேரை. அதே காலத்துக்கு ஈராக் அரசும் உலக சுகாதார நிறுவனமும் 9,345 வீடுகளில் விசாரித்து மதிப்பிட்டது 1,51,000. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஏறத்தாழ அதே காலத்துக்கு ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 6 லட்சம். அதன் ஆய்வுமுறை கடும் சர்ச்சைக்குள்ளானது.

ஈராக் அரசும் உலக சுகாதார நிறுவனமும் நடத்திய ஆய்வில் ஒரு விவரம் மனத்தை உறுத்துகிறது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் சுமார் 11 சதவீதத்துக்குக் கணக்கெடுப்பாளர்களால் போகவே முடியவில்லை. போனால் உயிர் மிஞ்சாது என்ற நிலை. சாவு மலிந்திருந்த தெருக்களுக்குத்தான் எண்ணுகிறவர் போக முடியவில்லை! அந்த இடைவெளியை ஈடுகட்டியபின் கிடைத்த விகிதம், ஆண்டுக்கு லட்சத்துக்கு 167. நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட 27.51ஐப் போல ஆறு மடங்கு.

வாஷிங்டனின் ஏழைக் குடியிருப்புகளில் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களின் உயிர் மலிவானதல்ல. அவர்களுக்காகப் பேச வேண்டியது அவசியம். ஆனால் ஒரு போரைச் சாதாரணமாக்கிக் காட்ட அவர்களைப் பயன்படுத்துவது இரு தரப்பு மரணங்களுக்கும் செய்யும் அநீதி.

இனி இப்படி ஓர் ஒப்பீடு உங்கள் கைபேசிக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரில்? எவ்வளவு காலத்தில்? நகரமா, நாடா? எண்ணியது யார்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத சாவுக் கணக்கை நம்பாதீர்கள், பரப்பவும் செய்யாதீர்கள்.

(தொடரும்)