ஆளில்லாத தலைமை நிலையம்

தலைமை நிலையம் என்றால் ஒரு கட்டடம் இருக்கும். வாயிலிலே காவலாள் நிற்பான். உள்ளே நாலு குமாஸ்தாக்களாவது இருப்பார்கள். இப்படித்தானே தோழர்களே, நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்? ஆப்பிள் நிறுவனத்தின் அயர்லாந்து விற்பனைக் கம்பெனிக்கும் ஒரு தலைமை நிலையம் இருந்தது. கட்டடம் இல்லை, ஆள் இல்லை, நாடும் இல்லை! ஏட்டிலே மட்டும் இருந்தது.

பாரிசிலே ஒருவர் கைபேசி வாங்குவார். கடை அங்கே, காசு கொடுத்தவர் அங்கே. பத்திரப்படி விற்றவரோ அயர்லாந்துக் கம்பெனி. ஐரோப்பா முழுதும் விற்ற இலாபம் இப்படி அயர்லாந்துக்கு வந்து சேரும். வந்தபின் அந்நாட்டு வரி 12.5 சதவிகிதம் கட்டவேண்டாமோ? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். பெரும்பங்கு இலாபம் அந்த இல்லாத தலைமை நிலையத்தின் பேரிலே எழுதப்பட்டது. 1991 இலும் 2007 இலும் அயர்லாந்து வரித்துறையே இந்த முறைக்குத் தலையசைத்தது.

2011 ஆம் ஆண்டுக் கணக்கைப் பாரீர். இலாபம் ஏறத்தாழ 1,600 கோடி யூரோ. அயர்லாந்திலே வரிக்கு உரியதாகக் கொள்ளப்பட்டது சுமார் 5 கோடி. 2014 இலே வரி 0.005 சதவிகிதத்துக்கு இறங்கிற்று. பத்து இலட்சம் யூரோ சம்பாதித்தால் வரி ஐம்பது யூரோ!

அதே 2011 பிப்ரவரியிலே, வங்கிகள் கவிழ்ந்து கடனுக்குக் கையேந்தி நின்ற அயர்லாந்து அரசு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியிலே மணிக்கு ஒரு யூரோவை வெட்டியது. 8.65 யூரோ 7.65 ஆயிற்று. கஜானா காலியென்றால் கத்தி எவன் கூலியிலே விழுகிறது, பார்த்தீர்களா? ஆட்சி மாறி, ஜூலையிலேதான் அது பழையபடி ஆயிற்று.

2016 ஆகஸ்ட் 30 அன்று, ஐரோப்பிய ஆணையம், "1,300 கோடி யூரோ வரை வரிப் பாக்கி, வசூல் செய்க" என்று அயர்லாந்துக்கு ஆணையிட்டது. மகிழ்ந்ததா அரசு? கடன்பட்டவன் தரமாட்டேன் என்பது உலக வழக்கு. கடன் கொடுத்தவனே வேண்டாமென்று வழக்குத் தொடுத்த விந்தை அங்கே நடந்தது! தொழில் நடத்துவோருக்குத் தம் வரிமுறையிலே நம்பிக்கை போய்விடக்கூடாதாம். கம்பெனிகள் மூட்டை கட்டிவிடுமோ என்ற அச்சத்தைக் கேலி செய்துவிடவும் முடியாது. 1980 முதல் ஆப்பிள் இருக்கும் கார்க் நகரிலே ஆயிரக்கணக்கானோர் அதை நம்பிப் பிழைக்கிறார்கள்.

2020 ஜூலையிலே கீழ்நிலை நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்லிவிட்டது: கட்டத்தான் வேண்டும்! ஆப்பிள் கார்க்கை விட்டு ஓடிவிடவில்லை. பணம், வேண்டாமென்ற கஜானாவுக்கே போய்ச் சேர்ந்தது.