விடுமுறையும் வெள்ளவாய்க்காலும்

யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்துள்ள கொக்குவில், திருநெல்வேலி, அரியாலை முதலிய இடங்களை இன்று கிராமம் என்பதா, நகரம் என்பதா என்று துணிந்து கூறுதல் அரிது. தோட்டங்கள் பல வீட்டு வளவுகளாயின. மணல் ஒழுங்கைகள் தார் வீதிகளாயின. ஆயினும் கிராமத்துப் பழக்கமொன்றை இவ்வூர்களின் சனசமூக நிலையங்கள் பல இன்னும் கைவிட்டில. இரண்டாந் தவணை முடிந்து பாடசாலைகள் மூடப்பட்டதும், வாலிபரும் சிறாரும் காலையிற் சிரமதானத்துக்கும் மாலையில் விளையாட்டுக்கும் ஒன்றுகூடுவதே அப்பழக்கமாகும். விடுமுறை முழுவதையும் தனியார் வகுப்புகளுக்கு ஒப்புக்கொடுத்துவிட்ட பெற்றோர் இதனை வீண்பொழுது என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதற்கு முன் தம் வீட்டு வாயிலில் உள்ள வாய்க்காலை ஒருமுறை பார்த்துவருமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் மழையே குளங்களில் தேங்கி, அடியிலுள்ள சுண்ணக்கற் பாறையிற் கசிந்து, கிணற்று நீராகின்றது. அதனாலேயே முன்னோர் ஒழுங்கையோரமாக வெள்ளவாய்க்கால் அமைத்து அதனைக் குளத்திற் சேர்த்தனர். அக்காலத்துக் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் வெள்ளத்துக்கு வழிவிட்டன. இக்காலத்து மதில் வழிவிடுவதில்லை. மதில் வாய்க்காலுக்குள் ஒரு முழம் நகர்ந்துவிட்டாலோ, அதைப் பற்றி வாய்திறப்பார் எவருமிலர். அயலவர் பகை யாருக்கு வேண்டும்? 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் ‘நிஷா’ புயலோடு வந்த பெருமழையில் வீடுகளுள் வெள்ளம் புகக் கண்டவர்கள் இதன் பொருளை நன்கறிவர். ஆவணியில் மண் காய்ந்து கிடக்கும்போதே வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும். மழை தொடங்கியபின் மண்வெட்டி எடுத்துப் பயனில்லை.

வேலைக்கு ஒரு முறையுண்டு. நாம் கண்ட ஓர் ஒழுங்கையிற் பிள்ளைகள் மிக்க ஊக்கத்தோடு மேட்டுப்பக்கத்தில் வெட்டத் தொடங்கினர். முதியவர் ஒருவர் அவர்களைத் தடுத்து, குளத்தடி மதகிலிருந்து மேல்நோக்கி வருமாறு பணித்தார். கீழ்வாய் அடைபட்டிருக்க மேல்வாயைத் திறந்தால் வெள்ளம் விரைந்து வந்து தாழ்ந்த வளவுகளுக்குள்ளேயே புகுமன்றோ? அம்மதகின் வாயிலிருந்து அலவாங்கினாற் கிளறி எடுத்தவை பிளாஸ்ரிக் போத்தல்களும், பொலித்தீன் பைகளும், வீடு கட்டியவர்கள் கொட்டிய மண்ணும் கல்லுமே. எடுத்த மண்ணைக் கரையிற் குவித்துவிட்டுப் போவது பலரும் செய்யும் பிழை. முதல் மழையே அதனை மீண்டும் வாய்க்காலுக்குள் தள்ளிவிடும். கடகத்தில் அள்ளி அகற்றினாற்றான் வேலை முடிந்ததாகும். அகற்றிய குப்பையை ஏற்றிச்செல்ல உள்ளூராட்சிச் சபையின் வாகனத்தை முன்கூட்டியே கேட்டு வைத்தல் நன்று. இவற்றையெல்லாம் விடுத்து, மதிலுக்கு வர்ணம் பூசிப் படம் பிடித்துக்கொள்வதோடு சில இடங்களிற் சிரமதானம் நிறைவெய்திவிடுகின்றது. வர்ணம் அழகுதான். வெள்ளம் அதனைப் பார்த்து நிற்பதில்லை.

மண்வெட்டி பிடிக்க மாட்டாத சிறாருக்கு வேறு வேலையுண்டு. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் எனப் பதிவாயிற்று. அதனைப் பரப்பும் நுளம்பு பெருங்குளத்தைத் தேடுவதில்லை. சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே அதற்குப் போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியும் மாதக்கணக்கிற் கெடாதிருந்து, நீர்பட்டதும் பொரிக்க வல்லன. ஆகவே, நீரை ஊற்றிவிட்டாற் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். வீடு வீடாகச் சென்று இதனைச் சொல்லவும் செய்துகாட்டவும் பத்து வயதுப் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் இலர். பெரியவர் சொன்னால் கோபிக்கும் வீட்டுக்காரர் பிள்ளை சொன்னாற் சிரித்துக்கொண்டே கேட்கின்றனர்.

உழவாரங் கையிலேந்தித் திருவீதி செதுக்கிய அப்பர் பெருமானை வணங்கும் நமக்கு இத்தொண்டு புதிதன்று. 1958ஆம் ஆண்டு மார்கழியில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனதொலுவைக்கு அழைத்துச் சென்றமை யாவரும் அறிந்ததே. சர்வோதய சிரமதான இயக்கம் அம்முகாமிலிருந்து பிறந்தது. சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களோடு மாணவர் அங்கு கூடியிருந்து வேலை செய்தனர். நம் ஒழுங்கைகளிலும், உச்சிவேளையில் ஒடியற்கூழ் பரிமாறப்படும்போது யார் யார் ஒரே வரிசையில் அமர்கின்றனர் என்பதை நாம் கவனித்தே வருகின்றோம். சில இடங்களில் எல்லோரும் அமர்கின்றனர். எல்லா இடங்களிலும் என்று கூற மனம் துணியவில்லை.

மாலையிற் கிளித்தட்டு. பந்தோ மட்டையோ வேண்டா. நிலத்திற் கோடு கீறினாற் போதும். ஆண்பிள்ளைகளின் துடுப்பாட்டமே மைதானம் முழுவதையும் பிடித்துக்கொள்ளாதவாறு நிலையத்தார் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பொழுதுபட்டதும் வாசிகசாலையில் அரைமணி நேரம் கதை வாசிப்பு. வாசிகசாலை சிறிதென்று நாணவேண்டியதில்லை. 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்தது. 1981இல் எரியுண்டு, பின்னர் மீண்டும் எழுந்து நிற்பதும் அதுவே.

ஐப்பசியில் முதற் பெருமழை பெய்து ஓய்ந்ததும், பிள்ளைகள் குடையோடு ஒழுங்கையை ஒருமுறை சுற்றிவரட்டும். எவ்விடத்தில் நீர் தேங்கியது, எம்மதகு அடைத்துக்கொண்டது என்பவற்றை ஓர் அப்பியாசப் புத்தகத்திற் குறித்து வாசிகசாலையில் வைத்தால், அடுத்த ஆவணியில் எங்கே தொடங்குவது என்று எவரும் தர்க்கிக்க வேண்டியிராது.