பேராதனையில் வேரூன்றிய பட்டப்பின் கல்வி

ஒரு நாட்டின் மண்ணைப் பற்றிய ஆய்வு அந்த மண்ணிலேயே நடைபெற வேண்டும். இந்த எளிய உண்மை இலங்கையில் நிறுவன வடிவம் பெற நீண்ட காலம் பிடித்தது. கண்டி மாநகரை அடுத்த பேராதனையில் 1975 ஆம் ஆண்டு உருவான விவசாய பட்டப்பின் படிப்பு நிறுவகத்தின் வரலாறு இதனையே உணர்த்துகின்றது.

1942 இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜென்னிங்சின் காலத்தில் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. விவசாயக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திருக்க முடியாது. 1821 இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்கா அருகே உள்ளது. மகாவலிக்கு அக்கரையில், கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுக் களங்கள் உள்ளன.

ஆயினும், முதற்பட்டம் பெற்றோரில் மேற்கொண்டு கற்க விரும்பியவர்கள் பெரும்பாலும் பிரித்தானியாவையோ அமெரிக்காவையோ நாட வேண்டியிருந்தது. குளிர்நாட்டுப் பயிர்களை ஆராய்ந்து பெற்ற பட்டம் நம் வயலுக்கு எவ்வளவு உதவும் என்ற கேள்வி எழுந்தது. போனவர்களில் சிலர் திரும்பவுமில்லை. அந்நியச் செலாவணி அருகியிருந்த எழுபதுகளில் இந்த நிலை நீடிக்க இயலாதிருந்தது. அப்போது பேராதனை, 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக இருந்தது. அச்சட்டத்தின்கீழேயே இந்நிறுவகமும் பிறந்தது.

விவசாய பீடத்தின் விரிவுரையாளர்களும் ஆய்வு நிலையங்களின் விஞ்ஞானிகளும் இங்கு கற்பிக்கின்றனர். பணியிலுள்ள உத்தியோகத்தரும் வேலையை விடாது முதுமாணிப் பட்டம் பெறலாம். ஆய்வை நாடுவோருக்கு முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கும் வழியுண்டு.

தமிழ் பேசும் மக்களுக்கும் இதில் நெருங்கிய தொடர்புண்டு. 1981 இல் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, ஆரம்பத்தில் பேராதனையுடனேயே இணைக்கப்பட்டிருந்தது. கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் விவசாயம் கற்பிப்போர் பலர் பேராதனையில் உயர்பட்டம் பெற்றவர்களே.

உள்நாட்டு அறிவின் பெறுமதியை 2021 ஆம் ஆண்டு நாடே உணர்ந்தது. இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, விளைச்சல் வீழ்ச்சியடையும் எனப் பேராதனை அறிஞர்கள் எச்சரித்தனர். அவர்களது குரல் செவிமடுக்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்ட போதிலும், அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. அரிசியை இறக்குமதி செய்யும் நிலை உருவானது. விலையைக் கொடுத்தவர் விவசாயியும் நுகர்வோருமே.

அறிவைத் தேடிக் கடல் கடக்கும் தேவையை இந்நிறுவகம் குறைத்துள்ளது. ஆனால் அதன் ஆய்வேடுகள் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. கிளிநொச்சி விவசாயியும் சம்மாந்துறை விவசாயியும் அவற்றின் முடிவுகளைத் தமது மொழியில் அறிந்துகொள்ள வேண்டாமா? ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சுருக்கம் வெளிவருமாயின் இந்த இடைவெளி பெரிதும் குறையும். ஆட்சியாளர் அறிஞர் சொல்லைக் கேட்பதும், அறிஞர் சொல் உழவரைச் சென்றடைவதும் நிறைவேறும் நாளிலேயே 1975 இல் இடப்பட்ட வித்து முழுப் பயன் தரும்.